ஆழ்வாப்பிள்ளைத் தண்டலின் சாணைக்கல்

நேரம்... பகல் பன்னிரண்டரை மணி.

இரவு என்று நினைத்தீர்களா? இல்லை. பட்டப்பகல். தலைக்கு நேரே வெயில். நிழல் காலடியில் சுருண்டு கிடக்கிற நேரம். பேய் இருட்டில்தான் நடமாடும் என்று சொல்கிறவர்கள் வல்லை வெளியை உச்சி வெயிலில் தனியாகக் கடந்ததில்லை.

அச்சுவேலியைத் தாண்டி வடமராட்சிக்குப் போகிற தெரு அந்த வெளிக்கு நடுவால்தான் போகிறது. இரண்டு பக்கமும் உவர் நிலம். அப்பால் கடல்நீரேரி. மரமில்லை, வீடில்லை. கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஒரு நாய்கூட இல்லை... இப்போதென்றால் அடிக்கடி பஸ் ஓடுகிறது. நான் சொல்வது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய கதை.

அந்தத் தெருவில் ஒரு மனிதர் சைக்கிளை உருட்டிக்கொண்டு தனியாக வந்துகொண்டிருந்தார். பெயர் ஏரம்பு. இதோ, போர்வைக்குள்ளிருந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கிறானே கதிரவேலு, அவனுடைய பெரியப்பா. நான் எங்கேயாவது கூட்டிச் சொன்னால் அவன் திருத்தட்டும்.

சைக்கிளின் பின்பக்கம் சாக்கில் சுற்றிக் கட்டிய ஒரு கல். அந்தக் கல் எப்படி அவரிடம் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏரம்பு இணுவிலில் சவரத் தொழில் செய்தவர். வீடு வீடாகப் போய் முகம் வழிப்பார். கை பஞ்சு மாதிரி. அவர் வழித்துவிட்டுப் போனபிறகு அரை நாளைக்குக் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருப்பார்களாம். ஆனால் கை நல்லதாக இருந்து என்ன செய்ய? கத்தி நல்லதாக இருக்க வேண்டும். கத்தி நல்லதாக இருக்க, கல் நல்லதாக இருக்க வேண்டும். அந்த வருஷம் வைகாசியில் அவருடைய சாணைக்கல் பிளந்துபோயிற்று. கை தவறி விழவில்லை. வெயிலில் கிடந்து கொதித்த கல்லில் குளிர்ந்த கிணற்று நீரை ஊற்றினார். 'டிக்' என்றது. அவ்வளவுதான், இரண்டு துண்டு.

யாழ்ப்பாணத்தில் கல்லுக்கு என்ன பஞ்சம் என்று கேட்பீர்கள். எங்கே தோண்டினாலும் கல்தான். அது சுண்ணாம்புக்கல். கொத்துகிற கத்திக்குக்கூட ஆகாது. ஏரம்பு சுன்னாகம் சந்தைக்குப் போய்த் தச்சர்கள் உளி தீட்டுகிற கல் ஒன்றை வாங்கிவந்தார். உளிக்கு அது போதும். சவரக்கத்தியின் விளிம்பு வேறு. மயிரைவிட மெல்லியது. சொரசொரத்த கல்லில் இழுத்தால் கண்ணுக்குத் தெரியாமல் பல்லுப் பல்லாக உடையும். அந்தப் பல் பிறகு முகத்தில்தான் தெரியவரும்.

தெரியவந்தது. வந்த இடம்தான் பொல்லாத இடம். பரமலிங்கத்தின் முகம். ஊரில் பாதித் தோட்டம் அவருடையது. வழித்து முடித்து எழும்பியபோது இரண்டு கன்னமும் சிவந்து தடித்து, தணல் பட்டதுபோல எரிந்தது அவருக்கு.

"எடேய் ஏரம்பு, நீ முகம் வழிச்சனியோ, தேங்காய் திருவினனியோ?" என்று கத்தினார். "வாற வெள்ளிக்கிழமை என்ரை பொடியன்ரை கலியாணம். மாப்பிள்ளையின்ரை முகத்திலை உந்தக் கத்தியை வைச்சியெண்டால், பிறகு இந்த ஊரிலை ஒரு வீட்டுப் படலையும் உனக்குத் திறவாது. சொல்லிப்போட்டன்."

"நயினார், வெள்ளிக்கிழமைக்குள்ளை நல்ல கல்லு எடுத்துப்போடுவன்," என்று மட்டும் சொன்னார் ஏரம்பு.

சொல்லிவிட்டார். கல்லுக்கு எங்கே போவது? விசாரித்துக்கொண்டு திரிந்தபோது மானிப்பாயில் தொழில் செய்கிற ஒருவர் சொன்னார்: வல்வெட்டித்துறையில் ஒரு தண்டல் வீட்டில் ரங்கூன் கல் இருக்கிறதாம். தண்டல் என்றால் பாய்க்கப்பலின் தலைவன். அந்தத் தண்டலின் பெயர் ஆழ்வாப்பிள்ளை. பர்மாவுக்குப் போய் அரிசி ஏற்றி வருகிறபோதெல்லாம் இரண்டு மூன்று சாணைக்கல்லும் கொண்டுவந்து விற்பாராம்.

"தண்டல் இப்ப இல்லை," என்றார் மானிப்பாய்க்காரர். "போய் மூண்டு வருஷம். கூடப் போன கப்பலெல்லாம் வந்திட்டுது. அவரின்ரை கப்பல் வரேல்லை. ஆனா மனிசி தாலியும் கழட்டேல்லை, செத்தவைக்குச் செய்யிற அந்தியேட்டியும் செய்யேல்லை. அங்கை போய் அதைப் பற்றி வாய் திறந்திடாதை."

வியாழக்கிழமை விடியவே ஏரம்பு சைக்கிளில் வெளிக்கிட்டார். ஆனி மாதம். தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்று முதுகில் பிடித்துத் தள்ளியது. ஒன்பது மணிக்கெல்லாம் வல்வெட்டித்துறை.

தண்டலின் மனைவி பெயர் கனகாம்பிகை. நாற்பது வயதிருக்கும். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. வந்த காரியத்தைக் கேட்டாள். உள்ளே போய், ஒரு தேக்கம் பெட்டியை இழுத்துவந்து முற்றத்தில் வைத்தாள். ஒரு செம்பில் தண்ணீரும் வைத்தாள். பெட்டிக்குள் வைக்கோல். வைக்கோலுக்குள் ஐந்து கல்.

ஏரம்பு ஒவ்வொன்றாக எடுத்தார். முதற் கல்லை உள்ளங்கையில் வைத்து நகத்தால் தட்டினார். 'தொக்' என்றது. நல்ல கல் 'ணங்' என்று சொல்ல வேண்டும். உள்ளே வெடிப்பு. ஒதுக்கி வைத்தார். இரண்டாவதில் தண்ணீர் ஊற்றினார். ஊற்ற ஊற்றக் குடித்தது. தாகமுள்ள கல்லுக்கு உடம்பு சொரசொரப்பு. அதுவும் வேண்டாம். மூன்றாவது பார்க்க அழகு, ஆனால் நடுவே நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. விரல் நுனியால் தடவினால் அந்த இடம் இடறியது. கத்தி போகிறபோதும் அங்கேதான் இடறும்.

கனகாம்பிகை பார்த்துக்கொண்டே இருந்தாள். "எல்லாம் ஒரு கல்லுத்தானே? உதிலை என்ன அவ்வளவு பாக்கிறீர்?"

"ஒரு கல்லில்லை நாச்சியார். ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு குணம். நாங்கள் பிழையாய் எடுத்தால் அடுத்தவன்ரை முகம் அழும்."

நாலாவது கல் கண்ணாடிபோல வழுக்கியது. கத்தியைப் பிடிக்கவில்லை. ஐந்தாவது கல் வைக்கோலுக்கு அடியில் கிடந்தது. கருங்கல்லில் பச்சை கலந்த நிறம். எடுத்தபோதே கையில் குளிர்ந்தது... வெயிலில் திறந்து வைத்த பெட்டி, மற்ற நாலு கல்லும் சுட்டன. இது மட்டும் குளிர்ந்தது. தட்டினார். ணங்... என்று நீண்டது. தண்ணீர் ஊற்றினார். குடிக்கவில்லை, சேம்பிலையில் நிற்பதுபோல முத்து முத்தாக நின்றது. கத்தியை எடுத்துப் படியவைத்து ஓர் இழுப்பு இழுத்தார்.

கரைக்கு வந்த அலை திரும்பிப் போகும்போது ஈர மணல் உறிஞ்சுமே... ஸ்ஸ்ஸ்... அந்தச் சத்தம்.

பத்து இழுப்பு. தலைமயிர் ஒன்றைப் பிடுங்கிக் கத்தி விளிம்பில் தொட்டார். தொட்டதுதான் தெரியும். மயிர் இரண்டாகி விழுந்தது. ஏரம்பு கல்லை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். ஊற்றியது நல்ல கிணற்றுத் தண்ணீர். மணத்தது கடல்.

"உந்தக் கல்லை விட்டிடும்," என்றாள் கனகாம்பிகை. "மற்றதெல்லாம் விக்கக் கொண்டுவந்தது. உது அவரின்ரை சொந்தக் கல்லு."

ஏரம்பு கலியாணக் கதையைச் சொன்னார். பரமலிங்கம் சொன்னதைச் சொன்னார். இந்தக் கல் இல்லாவிட்டால் தனக்கு ஊரில்லை என்றார். அவள் கடற்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"சரி, கொண்டு போம். காசு வேண்டாம். ஆனா ஒண்டு. அவர் கடலிலை கத்தி தொடமாட்டார். தாடியோடைதான் வருவார். கரையிலை முகம் வழிச்சுப்போட்டுத்தான் வீட்டுப்படி ஏறுவார். வழிக்காமல் ஒருநாளும் ஏறினதில்லை. இங்கை அவருக்கு வழிக்கிற கிழவன் போன மாசியிலை செத்துப்போனான். இனி வந்தால் ஆர் வழிக்கிறது? நீர்தான் வழிக்க வேணும்."

"ஓம் நாச்சியார். வழிக்கிறன்."

"உந்தக் கல்லிலை அடிச்சுச் சொல்லும்."

மூன்று வருஷமாகக் காணாத மனிதன். சொல்வதில் என்ன நட்டம்? ஏரம்பு ஈரக் கல்லில் கையை அடித்துச் சொன்னார்.

அப்படித்தான் அந்தக் கல் அவருடைய சைக்கிளில் ஏறியது.

இனி வல்லை வெளிக்கு வருவோம்.

விடியவே முதுகில் தள்ளிய சோளகம் இப்போது முகத்தில் அறைந்தது. பெடலை மிதிக்க முடியவில்லை. இறங்கி உருட்டினார். காதுக்குள் காற்று ஊ... ஊ... என்று இரைந்தது. கண்ணில் உப்புத் தூசி. தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். பாலம் தெரிகிற தூரத்துக்கு வந்திருப்பார்...

காற்று நின்றது.

மெல்ல மெல்லத் தணியவில்லை. கதவைச் சாத்தியதுபோல நின்றது. சைக்கிள் சில்லின் 'டிக் டிக் டிக்' மட்டும். அதுவும் அவர் நின்றதும் நின்றது.

தெருவோரத்தில் ஒரு சுமைதாங்கி. தலைச்சுமை இறக்கி வைக்கிற கல். அதன் அடியில், கையகல நிழலில், ஒரு மனிதன் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தான். இடுப்பில் வேட்டி மட்டும். அந்த வேட்டி நனைந்திருந்தது. தாரும் பாசியும் கலந்த ஒரு மணம் ஏரம்புவின் மூக்கில் ஏறியது.

"முகம் வழிக்க வேணும்."

குரல் கரகரத்தது. பேசிப் பல நாளான தொண்டை மாதிரி. அவன் திரும்பினான். தாடி நெஞ்சு வரை. தாடி முழுக்க உப்புப் பூத்திருந்தது.

ஏரம்பு பயப்படவில்லையா என்று கேட்பீர்கள். முதலில் இல்லை. அவருக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. நாளை மாப்பிள்ளையின் முகத்தில் வைக்கப்போகிற கத்தி. புதுக் கல். ஒருவன் முகத்திலாவது பார்க்காமல் எப்படி வைப்பது? கடற்றொழிலாளி எவனோ, நடந்து வீட்டுக்குப் போகிறான். நல்லதாய்ப் போயிற்று. அப்படித்தான் நினைத்தார்.

கத்தரிக்கோலால் தாடியைக் குறைத்தார். போத்தல் தண்ணீரில் சவர்க்காரம் குழைத்துத் தடவினார். கத்தியை வலக் கன்னத்தில் வைத்தார். வெண்ணெய். கத்தி போனதே தெரியவில்லை. அவருடைய வாழ்நாளில் அப்படி ஒரு சவரம் அமைந்ததில்லை. இடக் கன்னமும் முடித்தார். துணியால் துடைத்துவிட்டு, பெருமையோடு ஓரடி பின்னுக்கு நின்று பார்த்தார்.

வலக் கன்னத்தில் மயிர்.

விட்டுவிட்டேனாக்கும் என்று நினைத்தார். மீண்டும் வழித்தார். துடைத்தார். இப்போது இடக் கன்னம் கறுத்திருந்தது. இரண்டு நாள் வளர்த்தி. அதை வழித்தார். நாடி. அந்த மோவாயை வழித்துவிட்டு நிமிர்ந்தால் வலக் கன்னம் திரும்பவும்... விரற்கடை நீளம்.

கத்தி மழுங்கியது. கல்லை மடியில் வைத்துத் தீட்டினார். ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்... வழித்தார். வளர்ந்தது. தீட்டினார். வழித்தார். போத்தலில் தண்ணீர் முடிந்துவிட்டது. நெற்றி வியர்வை கல்லில் சொட்டியது, அதிலேயே தீட்டினார். ஓட நினைத்தார். கால் சொல் கேட்கவில்லை. கை மட்டும் தன் பாட்டில் வேலை செய்தது. நிழலைப் பார்த்தார். சுமைதாங்கியின் நிழல் அதே கையகலம். ஒரு நெல்லளவுகூட நகரவில்லை.

எவ்வளவு நேரம்? தெரியாது. வழித்த மயிர் அவருடைய முழங்கால் வரை குவிந்து கிடந்தது. இன்னொருமுறை தீட்டக் கத்தியைக் கல்லில் வைத்தபோது கத்தி படியவில்லை, தளம்பியது. குனிந்து பார்த்தார். பலகைபோல நிரவலாக இருந்த கல் நடுவில் குழிந்து, தோணி மாதிரி வளைந்திருந்தது. அந்தக் கல் அப்படித் தேய ஓர் ஆயுட்காலம் வேண்டும்.

அப்போதுதான் அவன் மூக்கின் கீழே புறங்கையைக் கொண்டுபோனார்.

மூச்சில்லை.

ஏரம்பு செத்தவர்களுக்கும் முகம் வழித்தவர். அதுவும் அவருடைய தொழில்தான். பாடை ஏறுமுன் எத்தனையோ பேருக்கு வழித்திருக்கிறார். உயிரோடு இருக்கிறவனை இருத்தி வைத்து வழிப்பார்கள். பிணத்தைக் கிடத்தி வழிப்பார்கள். இவ்வளவு நேரமும் தான் செய்த பிழை என்ன என்று அவருக்கு விளங்கியது. கூடவே, இது யார் என்பதும் விளங்கியது.

 கத்தியைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"தண்டல்... படுங்கோ. தெற்கை தலை வைச்சுப் படுங்கோ."

அவன் கண்ணைத் திறந்து ஏரம்புவைப் பார்த்தான். அந்தக் கண் எப்படி இருந்தது என்று பெரியப்பா எனக்கும் சொல்லவில்லை, கதிரவேலுவுக்கும் சொல்லவில்லை. பிறகு, நெடுந்தூரம் நடந்து களைத்த மனிதன் மாதிரி, மெல்லத் தெற்கே தலை வைத்துச் சாய்ந்தான்.

ஏரம்பு தலைமாட்டில் முழந்தாளிட்டு வழித்தார். வலக் கன்னம். இடக் கன்னம். நாடி. கழுத்து. காத்திருந்தார்... வளரவில்லை.

கத்தியைத் துடைத்ததுதான் தாமதம். நின்ற காற்று முழுவதும் ஒரேயடியாக அடித்தது. மயிர்க் குவியல் கிளம்பி வானமெல்லாம் கறுத்துப் பறந்து நீரேரிப் பக்கம் போயிற்று. ஏரம்பு முகத்தைப் பொத்திக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது சுமைதாங்கியடியில் யாருமில்லை. தெருவில் தூரத்தில் ஒருவன் நடந்துகொண்டிருந்தான். வடக்கே. வல்வெட்டித்துறைப் பக்கம். அவசரமும் இல்லை, தாமதமும் இல்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ஏரம்பு வீடு வந்து சேர்ந்தது எப்படி என்று அவருக்கே தெரியாது. வரும்போதே உடம்பு கொதித்தது. அவருடைய மனைவி சின்னாச்சி சாக்கை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "என்னப்பா உது? புதுக் கல்லு எடுக்கப் போறன் எண்டு போட்டு, தேஞ்ச அம்மியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறியள்?" என்று கேட்டாளாம். கத்தியை விரித்தாள். அதில் அலகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஓர் ஊசிதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை கலியாணம் நடந்தது. மல்லாகத்திலிருந்து ஒருவர் வந்து மாப்பிள்ளைக்கு முகம் வழித்துவிட்டுப் போனார். வாக்குக் கொடுத்த ஏரம்பு வராததில் பரமலிங்கத்துக்கு இன்னும் கோபம், ஒரு வீட்டுப் படலையும் பிறகு திறக்கவில்லை. திறந்திருந்தாலும் ஏரம்பு போயிருக்க மாட்டார். அவர் பின்னாளில் சுருட்டுச் சுற்றித்தான் பிழைத்தார். தன் முகத்தைக்கூடத் தான் வழித்ததில்லை.

ஆனால் காய்ச்சலில் கிடந்த நாலு நாளும் அவரை அரித்தது வேறு. அந்த மனிசி. பொட்டும் தாலியுமாக ஒவ்வொரு நாளும் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவள். புருஷன் செத்துப்போனான் என்று திடமாகத் தெரிந்த ஒரே ஆள் ஏரம்புதான். அவளுக்குச் சொல்லத்தான் வேண்டும். சொன்னால்தான் அவள் செய்ய வேண்டியதைச் செய்வாள், அந்த ஆத்துமாவும் ஓய்ந்துபோகும். இல்லையென்றால் அது தன் தலையில் என்று நினைத்தார்.

செவ்வாய்க்கிழமை எழும்பினார். சின்னாச்சி தடுத்தும் கேட்கவில்லை. கல்லை எடுத்துக்கொண்டு, தனியே போகப் பயந்து, பருத்தித்துறைக்குப் போகிற ஒரு புகையிலை வண்டிலில் ஏறிப்போனார். வண்டில்காரரிடம் வழி முழுக்க வாய் ஓயாமல் கதைத்தாராம், வல்லை வெளியில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு.

கனகாம்பிகை வீட்டுப் படலை விரியத் திறந்து கிடந்தது. முற்றம் சாணகத்தால் மெழுகியிருந்தது. மீன் பொரிக்கிற மணம். ஏரம்பு என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் கூட்டி வைத்திருந்தார். அவர் வாய் திறக்குமுன் அவள் வெளியே வந்தாள். கூறைச்சேலை உடுத்திருந்தாள். தலையில் பூ. முகமெல்லாம் சிரிப்பு.

"வாரும், வாரும். சொன்ன சொல்லைக் காப்பாத்திப்போட்டீர்."

ஏரம்பு வாசலிலேயே நின்றார்.

"நீர் போன அண்டைக்கு வெயில் சாய முந்தியே வந்திட்டார். முகம் வழிச்சு, பளிச்செண்டு வந்தவர். உம்மடை கைதான் எண்டு கண்ட உடனை தெரிஞ்சுது." அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டு. பாயில் யாரோ படுத்திருப்பது தெரிந்தது. பாதம் இரண்டும் வாசலை நோக்கி... பெருவிரல்கள் சேர்ந்தபடி. தாரும் பாசியும் மணத்தது.

"நல்ல களைப்பு. வந்ததிலையிருந்து படுக்கைதான். ஒரு வாய் சோறும் தொடேல்லை. ஒரு கதையும் கதைக்கேல்லை. நான்தான் பக்கத்திலை இருந்து விசிறிக்கொண்டிருக்கிறன்."

கதிரவேலு, நீயே சொல். பெரியப்பா இதைச் சொல்லும்போது இந்த இடத்தில்தானே எப்போதும் நிறுத்துவார்? எனக்கு ஒருமுறை மட்டும் மிச்சத்தையும் சொன்னார்.

கையிலிருந்த கல்லைப் படியில் வைத்துவிட்டு ஏரம்பு திரும்பினாராம். நாலடி வைத்திருப்பார். கனகாம்பிகை பின்னால் ஓடிவந்து அவருடைய சால்வைத் தலைப்பைப் பிடித்தாள். உள்ளே கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, மிக மெதுவாகச் சொன்னாள். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் அப்படியே இருந்ததாம். 

"ஏரம்பு... நாடிக்குக் கீழை ஒரு கீறல் போட்டிட்டீர். அது பரவாயில்லை, ஆருக்கும் கை தவறும். ஆனா... அஞ்சு நாளாய்ப் பாத்துக்கொண்டிருக்கிறன். அதிலை இன்னும் ரத்தம் வரேல்லை."